ஆம் / இல்லை என்று ஒரே ஒரு வரி: மதிப்பீட்டுப் படிவம் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

போதைப்பொருள் பாவிப்பவர்களை மதிப்பிடும் படிவங்களைத் தயாரிக்கும், அங்கீகரிக்கும் அதிகாரிகளுக்கு,

நீங்கள் திருத்தி அனுப்பிய படிவம் சென்ற மாதம் என் மேசைக்கு வந்தது. நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில், ஒரு போட்டோகொப்பிக் கடைக்கு மேல்மாடியில், பதினேழு வருடமாகப் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு என்று சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு சட்டத்தரணியின் லிகிதர் வந்து, "மிஸ், இதுல என்ன எழுதியிருக்குன்னு பையனோட அம்மாவுக்குப் புரியணும், பின்னேரத்துக்குள்ள வேணும்" என்று இரண்டு பக்கத்தை வைத்துவிட்டுப் போனார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அந்த வரி இருந்தது. பேனையை வைத்துவிட்டேன்.

'போதைக்கு அடிமையானவர்: ஆம் / இல்லை.'

இந்த வரி எனக்குப் புதிதில்லை. என் தம்பியின் பெயர் எழுதிய படிவத்திலும் இதே வரி இருந்தது. 'ஆம்' என்பதைச் சுற்றி நீல மையில் வட்டம் போட்டிருந்தார்கள். இப்போது திருத்திய படிவம் என்கிறீர்கள். தாள் கொஞ்சம் தடிப்பு, இலச்சினை தெளிவு. முன்பு ஐந்தாவதாக இருந்த 'முன்னர் கைது செய்யப்பட்டுள்ளாரா?' என்ற கேள்வி முதலாவது இடத்துக்கு வந்திருக்கிறது. வேறு மாற்றம் எதையும் நான் காணவில்லை. தம்பியின் விடயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைக் கண்ட பிறகு முடியவில்லை.

தம்பிக்கு அப்போது இருபத்துநான்கு வயது. மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. டிசம்பர் மாதத்தில் இரவு ஓட்டத்துக்கு மேலதிகக் காசு கிடைக்கும். நித்திரை வராமலிருக்கக் கூட்டாளி ஒருவன் கொடுத்த 'ஐஸ்' என்கிற மெத்தம்பெட்டமின் போதைப்பொருளை நாலைந்து தடவை பாவித்திருக்கிறான். அதற்கு முதல் சனிக்கிழமைகளில் எப்போதாவது கஞ்சா. இதை நான் மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. ஓர் இரவு கிராண்ட்பாஸ் பக்கம் சோதனையில் சட்டைப்பையில் ஒரு சின்னப் பொதியோடு பிடிபட்டான்.

மூன்றாம் நாள் மதிப்பீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் வெளியே வாங்கில் இருந்தேன். பக்கத்துக் கடையில் வாங்கிய பிளேன்டீ ஆறுவதற்குள் அவன் வெளியே வந்துவிட்டான். கேட்டது பெயர், வயது, முகவரி, எத்தனை தடவை பொலிஸில் பிடிபட்டாய். பிறகு சிறுநீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்கள். எல்லாம் சிங்களத்தில். தம்பிக்குத் தெருச் சிங்களம் தாராளமாக வரும். 'அடக்க முடியாத வேட்கை உண்டா' என்று கேட்டிருந்தால் விழித்திருப்பான். நல்லகாலம், அப்படி ஒரு கேள்வியே இல்லை! 'காரணம்' என்ற சின்னப் பெட்டிக்குள் இரண்டு சொல் எழுதியிருந்தது: பொலிஸ் கைது.

அந்த இரண்டு சொல்லோடு அவன் தூரத்து மாவட்டம் ஒன்றில் இருந்த புனர்வாழ்வு நிலையத்துக்குப் போனான். மாதத்துக்கு ஒருமுறை அம்மாவும் நானும் புறக்கோட்டையில் விடியற்காலை பஸ் ஏறுவோம். முதல் தடவை அம்மா இடியப்பமும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தப் பார்சலை அம்மா மடியிலேயே வைத்திருந்தார், திறக்கவும் இல்லை, என்னைத் தொடவிடவும் இல்லை.

தம்பி வீட்டுக்கு வந்த முதல் இரவு படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னது இது: "அக்கா, போகும்போது எங்க வாங்குறதுன்னு எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். இப்ப எந்த ஊருக்குப் போனாலும் தெரியும்."

நான் வைத்தியர் இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொல் உறுத்தினால் அது எங்கேயிருந்து வந்தது என்று தோண்டாமல் விடமாட்டோம். இந்த 'ஆம் / இல்லை' எங்கேயிருந்து வந்தது என்று தோண்டினேன். கிடைத்ததில் பெரும்பாலானவை உங்கள் அலுமாரியிலேயே இருக்கவேண்டியவை.

போதைப்பொருள் பாவனை எப்போது நோயாகிறது என்று தீர்மானிக்க உலகம் பெரும்பாலும் இரண்டு புத்தகங்களைப் பார்க்கிறது. ஒன்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம். மற்றது உலக சுகாதார அமைப்பின் ஐசிடி. நம் நாட்டு ஆஸ்பத்திரிகள் நோய்க் குறியீட்டுக்குப் பார்ப்பது இரண்டாவதை. இரண்டுமே அண்மைக் காலத்தில் இந்த விடயத்தில் பெரிதாக மாறியிருக்கின்றன.

1994 இல் வந்த டிஎஸ்எம்-4 இல் இரண்டு தனித்தனிப் பெயர்கள் இருந்தன: துஷ்பிரயோகம், தங்கியிருத்தல் (அது இல்லாமல் இருக்க முடியாத நிலை). துஷ்பிரயோகம் என்று சொல்ல நான்கு அறிகுறிகளில் ஒன்றே போதும். அந்த நான்கில் ஒன்று, போதைப்பொருளால் திரும்பத் திரும்பச் சட்டச் சிக்கலில் மாட்டுவது. அதாவது, அந்தப் புத்தகத்தின்படி பொலிஸில் அடிக்கடி பிடிபடுவது தனியாகவே ஒரு நோய்க்குறியாக இருக்க முடிந்தது.

2013 மே மாதம் வந்த டிஎஸ்எம்-5 அதைத் தூக்கிவிட்டது. இரண்டு பெயர்களையும் ஒன்றாக்கி, பதினொரு அளவுகோல்களை வைத்தது. 12 மாத காலத்துக்குள் அவற்றில் எத்தனை பொருந்துகின்றன என்று எண்ண வேண்டும். இரண்டு அல்லது மூன்று என்றால் இலேசானது, நான்கு ஐந்து என்றால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் கடுமையானது. அடக்க முடியாத வேட்கை புதிதாகச் சேர்ந்தது, சட்டச் சிக்கல் வெளியே போனது. அது ஏன் போனது என்பதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை இரண்டு தடவை வாசித்தேன்: நாட்டுக்கு நாடு, சமூகத்துக்குச் சமூகம் நிலைமை வேறு, ஆகவே உலகம் முழுக்க ஒரேமாதிரிப் பொருத்த முடியாது.

அதைக் கொழும்பில் வாழ்கிற எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒருவர் கைதாவது அவர் எவ்வளவு பாவித்தார் என்பதைப் பொறுத்ததா? எந்தத் தெருவில் நின்றார், எத்தனை மணிக்கு நின்றார், அடையாள அட்டையில் என்ன பெயர், எந்த விலாசம், அந்த வாரம் தேடுதல் நடந்ததா இல்லையா, இவைதானே தீர்மானிக்கின்றன. 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் தேடுதல் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் பிடிபட்டார்கள். அந்த வாரத்தில் நாட்டில் திடீரென்று அத்தனை பேருக்கு வருத்தம் வரவில்லை. பிடிக்கும் வேகம்தான் மாறியது. கொட்டாஞ்சேனை லயத்தில் இருக்கிற பையனும் கொழும்பு ஏழில் மதிலுக்குப் பின்னால் இருக்கிற பையனும் ஒரே சாமானைப் பாவிக்கலாம். முதலாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வரப்போவது யாருக்கு என்று உங்களுக்கும் தெரியும்.

உலக சுகாதார அமைப்பின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் வேறு வழி. 2019 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, தங்கியிருத்தல் என்பதைத் தனியாகவே வைத்திருக்கிறது. கட்டுப்பாடு இழப்பது, வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அது முன்னுக்கு வருவது, உடம்பு அதற்குப் பழகிப்போவது என்ற மூன்றில் வழமையாகக் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும். பெரும்பாலும் 12 மாத காலத்தைப் பார்க்கச் சொல்கிறது. அதற்குக் கீழே தீங்கு தரும் பாவனைக்கு வேறு பெயர், ஒரே ஒரு தடவை நடந்த தீங்குக்கும் தனிப் பெயர். இன்னும் கீழே 'அபாயகரமான பாவனை' என்று ஒன்று இருக்கிறது, அதை நோய்களின் அத்தியாயத்திலேயே வைக்கவில்லை. புத்திமதியும் கவனிப்பும் வேண்டிய நிலை, அவ்வளவுதான். தீங்கு என்பதில் முன்பு சுய ஆரோக்கியத்தைக் கெடுப்பதை மட்டும் பார்த்தார்கள், இப்போது பாவிப்பவரால் மற்றவருடைய ஆரோக்கியத்துக்கு வருகிற தீங்கையும் சேர்த்திருக்கிறார்கள். குடிகாரக் கணவனிடம் அடிவாங்கின பெண்கள் இதை யாரும் சொல்லித்தராமலே அறிந்திருந்தார்கள்.

இரண்டு புத்தகங்களும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. ஆனால் படித்தரம் உண்டு என்பதில் இரண்டுக்கும் சந்தேகமில்லை. இது நேற்று வந்த நாகரிகமும் இல்லை. 1976 இலேயே கிரிஃபித் எட்வர்ட்ஸும் மில்டன் கிராஸும் மதுவில் தங்கியிருத்தலைப் பற்றி எழுதும்போது, அது இருக்கிறது அல்லது இல்லை என்று வெட்டிச் சொல்லக்கூடியதல்ல, கூடிக் குறையும் ஒன்று என்று எழுதிவிட்டார்கள். உங்கள் படிவம் ஒரு வருடத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஓர் இரவைப் பார்க்கிறது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு அளக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. நச்சுப்பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929 இலிருந்து இருக்கிறது. 1984 திருத்தத்தோடு ஹெரோயினுக்கு 2 கிராம் என்று மரண தண்டனைக்கான எல்லை வந்தது. 2022 இல் ஐஸைச் சேர்த்து அதற்கு 5 கிராம் என்றார்கள். சாமானை அளக்கத் தராசு இருக்கிறது, தசம தானம் வரைக்கும் எழுதுகிறீர்கள். அதைப் பாவித்த பிள்ளையை அளக்க மட்டும் ஆம், இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பழைய கலண்டர்த் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு நடுவில் கோடு கிழித்தேன். ஒரு பக்கம் தம்பி. மறுபக்கம் அப்பா.

அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். போய் ஒன்பது வருடமாகிறது. பதினொரு அளவுகோலையும் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தேன். நினைத்ததைவிட அதிகம் பாவிப்பது: "இன்னைக்குக் கால் போத்தல்தான்" என்று சொல்லித்தான் எப்போதும் தொடங்குவார். சரி போட்டேன். விட முயன்று முடியாமல் போவது: கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துத் தவக்காலம் முழுக்கத் தொடமாட்டார், உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சேருவதற்குள் வாசம் வரும். மூன்று வருடம் இப்படியே. சரி. வேட்கை: பின்னேரம் ஐந்து மணியானால் வாசலுக்கும் அறைக்குமாக நடப்பார், செருப்பைப் போடுவார், கழற்றுவார். சரி. தாங்கும் அளவு கூடிக்கொண்டு போவது, வைத்தியர் ஈரலைப் பற்றிச் சொன்ன பிறகும் நிறுத்தாதது, வீட்டில் சண்டை, லேனில் கரம் விளையாடப் போவதை விட்டது, என்னுடைய உயர்தரப் பரீட்சை முடிவு வந்த நாளில் எங்கே இருந்தார் என்றே தெரியாமல் போனது. சரி, சரி, சரி.

விடும்போது உடம்பு படும் பாடு என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மட்டும் தேநீரைச் சோசர் வைத்துத்தான் கொடுப்போம். சின்ன வயதில் அது மரியாதை என்று நினைத்திருந்தேன். விடியற்காலையில் அவர் கை நடுங்கிக் கோப்பையிலிருந்து தேநீர் சோசரில் கொட்டும். பிறகு இரண்டு கையாலும் சோசரைப் பிடித்து அதிலிருந்து குடிப்பார். ஒன்பது சரி. ஆறோ அதற்கு மேலோ என்றால் கடுமையானது.

தம்பியின் பக்கம். ஆபத்தான நிலைமையில் திரும்பத் திரும்பப் பாவிப்பது: ஐஸ் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்கிறான். சரி. நினைத்ததைவிட அதிகம்: ஒரு தடவை என்று தொடங்கி நாலைந்து தடவை ஆனது. இதில் தயங்கினேன், பிறகு சரி போட்டேன். அக்கா என்பதால் குறைத்துப் போட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. வேட்கை இருந்ததா என்று அவனிடமே கேட்டேன். "நித்திரைதான் அக்கா ஆசையா இருந்துச்சு" என்றான். மற்றவை எதுவும் பொருந்தவில்லை. இரண்டு. இலேசானது. ஒரு வைத்தியர் அரை மணித்தியாலம் உட்கார்ந்து பேசி ஐசிடி-11 இன்படி பார்த்திருந்தால், நோய் என்ற பெயரே தேவையில்லை என்றும் சொல்லியிருக்கக்கூடும். நான் போட்ட கணக்கு வைத்தியர் போடும் கணக்குக்கு ஈடில்லை என்று தெரியும். என் தம்பிக்கு அந்தக் கணக்கை எந்த வைத்தியரும் போடவில்லையே.

அப்பாவின் பெயருக்குக் கீழே எந்தப் படிவத்திலும் யாரும் வட்டம் போடவில்லை. அவர் ஒருநாளும் கைதாகவில்லை. சாராயத்துக்கு வரியையும் சேர்த்தே காசு கொடுத்து, பில்லோடு வாங்கினார். அவர் சாவதற்கு ஐந்து வருடம் முந்தி யாராவது அந்தப் பதினொரு கேள்வியையும் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அம்மாவுக்கு முன்னால் நான் பேசுவதில்லை.

இனி, 'அடிமை' என்ற சொல். இது என் தொழில், இதில் நான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கமாட்டேன். படிவத்தின் சிங்கள மூலத்தில் 'எப்பெஹி' என்று இருக்கிறது. அதைத் தமிழில் எழுதும் எல்லோரும் 'அடிமை' என்கிறோம், நானும் பல வருடம் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். சட்டத் தமிழில் 'தங்கியிருப்பவர்' என்பார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி இரண்டு நாள் தங்கியிருக்கிற மாதிரி. சிரிப்பு வந்தாலும், அது யாரையும் கேவலப்படுத்துவதில்லை. அடிமை என்றால் விற்கலாம், வாங்கலாம், கட்டிவைக்கலாம். ஆங்கிலத்தில் இதற்குச் சமமான சொல்லை டிஎஸ்எம்-5 தன் நோய்ப்பெயர்களில் சேர்க்காமல் விட்டது. அதற்கு நிச்சயமான பொருள் இல்லை, இழிவான நிழல் விழுகிறது என்பது காரணம். அந்த மொழியில் அந்தச் சொல்லுக்கு விழுவது நிழல். தமிழில் அர்த்தமே அதுதான்.

இந்தச் சொல் போதைப்பொருளைத் தொடாதவரையும் தாக்கும். என் சித்திக்குப் புற்றுநோய் முற்றிய காலத்தில் வைத்தியர் மோர்பின் எழுதிக்கொடுத்தார். இரவில் முனகுவார். அம்மா, சொந்தத் தங்கைக்கு, அந்தக் குளிசையைப் பாக்குவெட்டியால் பாதியாக நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏனம்மா என்று கேட்டதற்கு, "முழுசாக் கொடுத்தா அடிமையாயிடுவாள்" என்றார். சாக இன்னும் ஏழு கிழமை இருந்த ஒருத்தியைப் பற்றி. வைத்தியர் கண்காணிப்பில் எடுக்கும் மருந்துக்கு உடம்பு பழகுவதையும், நிறுத்தினால் உடம்பு படும் பாட்டையும் நோய்க்கணக்கில் சேர்க்கக்கூடாது என்று டிஎஸ்எம்-5 தெளிவாகவே எழுதியிருக்கிறது. தங்கியிருத்தல் என்ற பெயரை அதில் கைவிட்டதற்கும் இந்தக் குழப்பம் ஒரு காரணம். எங்கள் குசினிவரை அந்தச் செய்தி வரவில்லை. உங்கள் தாள்களில் இருக்கிற சொல்தான் வந்தது.

என் பேச்சுக்கு வரக்கூடிய பதிலை நானே சொல்கிறேன். ஐஸ் இன்றைக்குத் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது, இதில் இலேசு, நடுத்தரம் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது என்பீர்கள். எங்கள் லேனிலும் ஒரு பையன் இருக்கிறான். தாயின் தையல் மெசினை விற்றான். காஸ் சிலிண்டரை விற்றான். மூன்று நாள் நித்திரையில்லாமல், சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று சுவரைச் சுரண்டினான். நகத்தில் சுண்ணாம்பு. அந்தப் பையன் எந்தப் புத்தகத்திலும் கடுமையான நிலைதான். அவனுடைய தாய் உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, "முதல்ல பொலிஸ்ல ஒரு என்ட்ரி போட்டுட்டு வாங்க" என்றார்களாம். அந்தப் பெண் பயந்து திரும்பி வந்துவிட்டார். இலேசான நிலையில் இருந்த என் தம்பி புனர்வாழ்வு நிலையத்துக் கட்டிலில் கிடந்தான், கடுமையான நிலையில் இருந்த அவன் வீட்டில் கிடந்தான். கைதை முதலாவது கேள்வியாக வைத்தால் இதுதான் நடக்கும்.

புதிய அளவுகோல்களை அப்படியே பிரதிசெய்து ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அதிலும் ஆபத்து இருக்கிறது. பதினொன்றில் இரண்டு போதும் என்பது மிகத் தாழ்ந்த வாசல். டிஎஸ்எம்-4 ஐத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அலன் ஃபிரான்சிஸே, இப்போதுதான் பாவிக்கத் தொடங்கியவரையும் முற்றிப்போனவரையும் ஒரே பெயருக்குள் போடுகிறீர்கள் என்று கண்டித்தார். ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் அனுப்புகிற நாட்டில் அந்தப் பிழை கொஞ்சம் பொறுக்கலாம். நோய்ப்பெயர் வந்த அன்றே வேலிக்குள் அனுப்புகிற நாட்டில் பொறுக்க முடியாது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் கட்டாய சிகிச்சைக்கு வழி வைத்திருக்கிறது. 2023 ஜனவரியில் நிறைவேறிய புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் அதற்கு இன்னொரு கட்டடத்தைக் கட்டியது. அதன் முதல் வரைவை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்ன பிறகு திருத்தித்தான் கொண்டுவந்தார்கள். 2012 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் பன்னிரண்டு அமைப்புகள் சேர்ந்து கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடச் சொல்லியிருந்தன. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு படிவத்தின் ஒரு வரி, ஒருவன் மாதக்கணக்கில் எங்கே படுப்பான் என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் ஒரு வரியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

நான் கேட்பவை இவை.

அந்த 'ஆம் / இல்லை' வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் எந்த அளவுகோல்கள், எந்தக் காலப்பகுதியில், எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்று மதிப்பிட்டவர் தன் கையால் எழுதிக் கையொப்பமிட இடம் விடுங்கள். ஐசிடி-11 ஐப் பின்பற்றுங்கள், அல்லது டிஎஸ்எம்-5 ஐப் பின்பற்றுங்கள். எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் படிவத்தின் தலையிலேயே அச்சிடுங்கள்.

கைது பற்றிய கேள்வியை மருத்துவப் படிவத்திலிருந்து முழுதாக அகற்றுங்கள். நீதிமன்றத்துக்கு அது தெரியவேண்டுமென்றால் நீதிமன்றத்தின் கோவையில் ஏற்கெனவே இருக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனை, ஒருவர் பாவித்தார் என்று மட்டும் சொல்லும். அதை மட்டும் வைத்து நோய்ப்பெயர் எழுதுவதையும் தடைசெய்யுங்கள்.

மதிப்பீட்டை அவரவர் மொழியில் செய்யுங்கள். 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழ் அரசகரும மொழியாகிவிட்டது. படிவமும் தமிழில் வேண்டும், கேள்வி கேட்பவருக்கோ மொழிபெயர்ப்பவருக்கோ தமிழ் தெரிந்திருக்கவும் வேண்டும். தமிழ்ப் படிவத்தில் 'அடிமை' வரக்கூடாது. 'பாவனைக் கோளாறு' என்று எழுதலாம், 'தங்கியிருத்தல்' என்றே எழுதினாலும் பரவாயில்லை. தமிழ் பேசும் வைத்தியர் இருவரையும், இந்த வருத்தத்திலிருந்து மீண்ட ஒருவரையும் வைத்துச் சொற்களைத் தீர்மானியுங்கள். மொழிபெயர்ப்பு வேலையை நான் காசு வாங்காமல் செய்து தருகிறேன்.

இலேசான நிலை என்று தெரிந்தவரை மூடிய நிலையத்துக்கு அனுப்பப் பரிந்துரைக்காதீர்கள். பக்கத்திலிருக்கிற அரச ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வரச்சொல்லுங்கள், வேலைக்குப் போய்க்கொண்டே வருவான். தானாக உதவி கேட்டு வருகிற தாயிடம் பொலிஸ் என்ட்ரி கேட்கக்கூடாது என்று எழுத்தில் சுற்றறிக்கை அனுப்புங்கள். அதே கேள்விகளை மதுவுக்கும் கேளுங்கள், வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஈரல் வருத்தத்தோடு வார்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும்.

கடைசியாக, பழைய படிவத்தில் 'பொலிஸ் கைது' என்பதை மட்டும் காரணமாக எழுதி வட்டம் போட்ட பெயர்களை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அவர்களில் பலர் இன்னும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வட்டத்தைச் சுமக்கிறார்கள். என் தம்பி வெளிநாட்டு வேலைக்கு இரண்டு தடவை விண்ணப்பித்து இரண்டு தடவையும் அந்தத் தாளால் நின்றுபோனான். அவனுடைய படிவத்தின் பிரதியை, அவன் சம்மதத்தோடு, இந்த மடலோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதை ஒரு வைத்தியர் மறுமதிப்பீடு செய்யவேண்டும். முடிவை எழுத்தில் தெரிவியுங்கள், தமிழில்.

இப்படிக்கு,
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
கொழும்பு 13